எலுமிச்சை பிழைக்கவைத்த ஃபாண்டூ

சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு என் அடுப்பில் இருந்ததை ஃபாண்டூ என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஃபாண்டூ என்பது ஒயினில் சீஸை உருக்கி, ரொட்டித் துண்டை முக்கிச் சாப்பிடும் சுவிஸ் உணவு. அடியில் மஞ்சளாக, ரப்பர் பந்துபோல ஒரு கட்டி. அதைச் சுற்றிக் கலங்கல் தண்ணீர். தண்ணீருக்கு மேல் அரை விரல் உயரத்துக்கு உருகிய கொழுப்பு. கரண்டியைத் தூக்கினால் கட்டி முழுவதும் கரண்டியோடு எழுந்து வந்தது.

“ஏங்க, 15 ஃபிராங்க் கொடுத்து வாங்கின சீஸா இது? செருப்புக்கு அடியில ஒட்டலாம் போலிருக்கே” என்றாள் மனைவி. மகள் ஏற்கெனவே நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்கு வந்து இது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம். அலுவலகத்தில் நவம்பர் பிறந்தாலே யாராவது ஒருவர் ஃபாண்டூ பேச்சை எடுத்துவிடுவார். நாமும் ஒரு நாள் செய்துபார்க்கலாம் என்ற எண்ணம் இருந்ததே தவிர, கை எழவில்லை. எழுப்பியது ஒரு சட்டி. இங்கே பழைய சாமான்கள் விற்கும் கடையை ‘புரோக்கி’ என்பார்கள். அங்கே ஒரு மூலையில், தடித்த கைப்பிடி வைத்த மண்சட்டி ஒன்று 8 ஃபிராங்குக்குக் கிடந்தது. இதற்குப் பெயர் கக்லோன். கூடவே நான்கு முள்கரண்டிகள், மேசையில் வைத்துச் சூடு காட்டுகிற சின்ன அடுப்பான ரெஷோ. விரலை மடக்கிச் சட்டியைத் தட்டிப் பார்த்தேன். ‘கணீர்’ என்றது. ஊரில் பானைக்காரம்மா தட்டிக்காட்டி விற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும்.

புதுச் சட்டியைப் பழக்குவதற்கு, பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றி மெதுவாகக் கொதிக்கவைத்து, அப்படியே ஆறவிடச் சொன்னார் கீழ்வீட்டுப் பாட்டி. என் அம்மாவிடம் கேட்டிருந்தால் வடிகஞ்சி என்றிருப்பார். பாட்டி சொன்னதைச் சரி என்று கேட்டுக்கொண்டு, அடுப்பில் தூக்கி வைத்த பிறகுதான் உறைத்தது: எங்கள் வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. மண்சட்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அடுப்பு ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அணைந்துபோனது. பழக்குவதை ரெஷோவின் சின்னத் தீயிலேயே ஒரு மணி நேரம் செய்து முடித்தேன். சீஸை வேறு பாத்திரத்தில் உருக்கி, கடைசியில் மண்சட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். அந்த ‘வேறு பாத்திரம்’ பால் காய்ச்சும் மெல்லிய எவர்சில்வர் பாத்திரமாக அமைந்தது முதல் தவறு.

மற்ற தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய குரூயேர் என்ற சுவிஸ் சீஸைத் தேடி எடுத்தேன். ‘ரிசர்வ்’ என்று போட்டிருந்தது, அதாவது 10 மாதத்துக்குக் குறையாமல் முதிர்ந்தது. நல்ல சீஸ் என்றால் நல்ல ஃபாண்டூ என்பது என் கணக்கு. அடுத்து, மகள் சாப்பிடப்போகிறாளே என்று ஒயினை விட்டுவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றினேன். சோளமாவும் வேண்டாம் என்றேன். மாவு சேர்ப்பது கலப்படம் போலத் தோன்றியது. பசி நேரம் வேறு, அடுப்பை ஒன்பதில் ஏழாம் எண்ணில் வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் 500 கிராம் சீஸையும் ஒரே வீச்சில் கொட்டினேன். இரண்டு நிமிடம் அழகாக உருகுவதுபோல இருந்தது. அப்புறம் மேலே சொன்ன ரப்பர் பந்து.

தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு அண்ணாவுக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்த ஊர் உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்தவர். சுவிட்சர்லாந்தில் வந்து குடியேறிய ஈழத்தமிழர்களில் ஒரு தலைமுறையே இப்படி உணவகங்களின் பின்கட்டில் நின்றுதான் கால் ஊன்றியது. சுவிஸ்காரர்கள் வெளியே போய்ச் சாப்பிட்ட ஃபாண்டூவில் எத்தனையோ சட்டிகளைக் கிளறியது நம் ஆட்களின் கைதான்.

“என்ன தம்பி, எண்ணெய் மேல மிதக்குதோ?”

“ஆமாண்ணா. அடியில கட்டியா நிக்குது.”

“வைன் எவ்வளவு விட்டனீர்?”

“விடல. தண்ணிதான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி. வீட்டில தேசிக்காய் கிடக்கோ? அரைவாசியைப் புளிஞ்சு, அதில ரெண்டு தேக்கரண்டி மைசேனாவைக் கரையும். அடுப்பை ஒருக்காக் கூட்டிப்போட்டு, அதை விட்டுக் கம்பியால விடாமல் அடியும். பயப்பிடாதையும்.”

தேசிக்காய் என்றால் எலுமிச்சை என்று எனக்குத் தெரியும். எனக்குப் புரியாதது அந்த மருந்து. எலுமிச்சை பிழிந்தால் பால் திரியும், பனீர் செய்வதே அப்படித்தானே. திரிந்து கிடக்கிற ஒன்றில் இன்னும் புளிப்பா? போதாக்குறைக்கு, இவ்வளவையும் கெடுத்த சூட்டையே கூட்டச் சொல்கிறார். இருந்தாலும் முப்பது வருட அனுபவத்தோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

பந்தைக் கத்தியால் நாலைந்து துண்டாக்கிப் பாத்திரத்திலேயே போட்டேன். சோளமாவுக்கு இங்கே எல்லோரும் மைசேனா என்ற கம்பெனிப் பெயரைத்தான் சொல்கிறார்கள். இரண்டு தேக்கரண்டி மாவை எலுமிச்சைச் சாறிலும் கொஞ்சம் தண்ணீரிலும் பச்சையாகக் கரைத்து ஊற்றினேன். முட்டை அடிக்கும் கம்பியால் அடிக்கத் தொடங்கினேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, கம்பிக்குள் சீஸ் சிக்கிக்கொண்டு கை வலித்ததுதான் மிச்சம். ஓரத்தில் குமிழி கிளம்பியதும் கட்டி இளகி இழைகளாக மாறியது. மிதந்த கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. நாலாவது நிமிடத்தில் பாத்திரத்தில் ஒரே பொருள் இருந்தது. மினுமினுப்பாக, பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் தளர்ச்சியாக. ருசியில் நாக்கில் லேசாக மணல் தட்டியது, புளிப்பும் ஒரு பிடி அதிகம். ஆனால் ரொட்டியில் ஒட்டியது. மகள் கேள்வி கேட்காமல் சாப்பிட்டாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எலுமிச்சை எப்படி இந்த வேலையைச் செய்தது என்பதே மண்டையில் ஓடியது. படித்துத் தெரிந்துகொண்டது இது. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. புளிப்பு ஏறினால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்த அந்த உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் திரிகிறது. இது நமக்குத் தெரிந்த கதை. சீஸிலோ அந்தப் புரதம் எப்போதோ உறைந்து, வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. வலையின் முடிச்சுகளாக இருப்பது கால்சியம். சூடு மட்டும் கொடுத்தால் வலை சுருங்கி, உள்ளே பிடித்து வைத்திருந்த கொழுப்பையும் தண்ணீரையும் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. ஈரத்துணியை முறுக்குவதுபோல. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலமும் அந்தக் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்கின்றன. முடிச்சு அவிழ்ந்த புரதம் தளர்ந்து, கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் போர்வைபோலப் போர்த்திக்கொள்கிறது. ஒயின் வாசனைக்கும் போதைக்கும் சேர்ப்பது என்று நான் நினைத்திருந்தது முழுத் தப்பு. அது ஒரு கருவி. நான் தண்ணீர் ஊற்றியபோது அந்தக் கருவியைத்தான் தூர எறிந்திருந்தேன்.

மாவின் வேலை நமக்குப் புதிதல்ல. மோர்க்குழம்புக்கு அம்மா பச்சரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்துக் கரைப்பார். நுரை கட்டியதும் இறக்கிவிடு, கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்பார். அரைத்த மாவு வெந்து குழம்பைக் கெட்டியாக்குவதோடு, புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று முட்டி ஒட்டாமல் நடுவில் நிற்கிறது. ஃபாண்டூவில் மைசேனா செய்வதும் அதேதான். அண்ணா சூட்டைக் கூட்டச் சொன்னதன் காரணமும் இதுதான்: பச்சை மாவு வெந்தால்தான் கெட்டிப்படும். வாழ்க்கை முழுக்க மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு மாவைக் கலப்படம் என்று நினைத்த என்னை என்ன சொல்ல?

முதிர்ந்த குரூயேரும் ஒரு காரணம். சீஸ் வயதாக ஆக அதன் புரதச் சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. ருசி கூடும், ஆனால் கொழுப்பைக் கட்டிப்பிடிக்கும் வலு குறையும். ஈரமும் குறைவு. தனியாக அதை மட்டும் சட்டியில் போடுவது, வீட்டில் பெரியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு கூரை மாற்றப் போவது மாதிரி.

இந்த வேதியியலுக்கு எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறும் இருக்கிறது. பெர்னிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் தூன் நகரம். அங்கே வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஷ்டெட்லர் என்ற இருவர் 1911இல் சோடியம் சிட்ரேட் சேர்த்துச் சீஸை உருக்கி, பிரியாமல் திரும்ப உறையவைத்தார்கள். இன்று நாம் ‘பிராசஸ்டு சீஸ்’ என்று வாங்கும் கட்டிகளுக்கும் ஸ்லைசுகளுக்கும் அதுதான் தொடக்கம். சிட்ரேட் என்பது சிட்ரிக் அமிலத்தின் உப்பு. சனிக்கிழமை இரவு அரை எலுமிச்சையை வைத்துக்கொண்டு நான் செய்த வேலையின் தொழிற்சாலை வடிவம்.

இரண்டாம் முறை எதிலும் குறுக்குவழி வேண்டாம் என்று முடிவு செய்தேன். கீழ்வீட்டுப் பாட்டி ஃபிரிபூர் பக்கத்தில் பிறந்தவர். அவருக்கு ஃபாண்டூ என்றால் ‘முவாத்தியே-முவாத்தியே’, பாதிக்குப் பாதி, அதாவது ஒரு பங்கு குரூயேர், ஒரு பங்கு வாஷ்ரான் ஃபிரிபூர்ஷுவா என்ற மென்மையான சீஸ். நியூஷாத்தெல்காரர்கள் குரூயேரோடு எம்மென்டால் சீஸைச் சேர்ப்பார்கள் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். “சேர்க்கட்டும்” என்றார், அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்ற முகத்தோடு.

ஆளுக்கு 200 கிராம் சீஸ் என்பது இங்கே வழக்கம். நாங்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி சின்னவள். 250 கிராம் குரூயேர், இந்த முறை நடுத்தர வயதுடையது. 250 கிராம் வாஷ்ரான். 2 டெசிலிட்டருக்கு, அதாவது 200 மில்லிக்கு, கொஞ்சம் கூடுதலாக வெள்ளை ஒயின். மைசேனா இரண்டு தேக்கரண்டி. ஒரு பல் பூண்டு. மிளகுத்தூள், கொஞ்சம் ஜாதிக்காய். உப்பு போடவே கூடாது, சீஸில் இருப்பதே போதும். ஒயினுக்கு மட்டும் தனியாக அலைந்தேன். நான் வழக்கமாகப் போகும் மிக்ரோஸ் கடையில் மது விற்பதில்லை. நிறுவனர் 1928இல் போட்ட தடை அது. 2022இல் கூட்டுறவு உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தபோதும் தடையே வேண்டும் என்று எல்லாப் பிராந்தியங்களிலும் சொல்லிவிட்டார்கள். சீஸை ஒரு கடையிலும் ஒயினை இன்னொரு கடையிலும் வாங்கி வந்தேன். ஒயின் வலே மாநிலத்து ஃபோந்தான். ஷஸ்லா என்ற திராட்சையில் செய்வது, புளிப்பு கொஞ்சம் மிதம். அதனால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறையும் சேர்த்தேன். சுட்டுக்கொண்ட பூனை.

பாத்திரம் இம்முறை அடி கனமானது. பூண்டை வெட்டி உள்பக்கம் முழுக்கத் தேய்த்தேன். மாவைக் குளிர்ந்த ஒயினிலேயே கரைத்துச் சூடேற்றினேன். அடுப்பு நாலாம் எண்ணில். ஒயினில் ஆவி கிளம்பியதும் துருவிய குரூயேரைக் கைப்பிடி கைப்பிடியாக, முதல் பிடி கரைந்த பிறகு அடுத்த பிடி என்று போட்டேன். கரண்டியை வட்டமாகச் சுற்றாமல் ஆங்கில 8 போடச் சொல்லியிருந்தார் பாட்டி. செய்துபார்த்தபோது காரணம் புரிந்தது. வட்டமாகக் கிளறினால் சீஸ் கரண்டியோடு சேர்ந்து சுற்றுகிறது, நடுவில் இருப்பது அசையாமல் அடிபிடிக்கிறது. எட்டு போட்டால் ஒவ்வொரு முறையும் நடுவைக் கடந்தாக வேண்டும். குரூயேர் முழுதும் கரைந்து மினுங்கிய பிறகு அடுப்பை இரண்டுக்குக் குறைத்து, வாஷ்ரானைத் துண்டுகளாகப் போட்டேன். அது மென்மையான சீஸ், கொதி தாங்காது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து, கரண்டியிலிருந்து நாடாபோல இறங்கியது. திரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ம்” என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய பட்டம்.

மண்சட்டியை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்திருந்தேன். இல்லையென்றால் சூட்டில் விண்டுபோகலாம். அதைத் துடைத்துவிட்டுச் சீஸை ஊற்றி, ரெஷோவில் ஏற்றினேன். செர்ரிப் பழத்தில் வடித்த கிர்ஷை இங்கே பலரும் கடைசியில் ஒரு சின்னக் கோப்பை ஊற்றுவார்கள். மகளுக்காக நான் சேர்க்கவில்லை. ஒயினில் உள்ள ஆல்கஹாலும் இந்தச் சூட்டில் முழுதாகப் போய்விடாது, அதனால் அன்று அவளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் தரவில்லை. அதற்காக அவள் அழுததைத் தனியாக எழுத வேண்டும்.

ரொட்டி முந்தின நாள் வாங்கியதாக இருக்க வேண்டும். புதுசு பஞ்சுபோல ஊறி உள்ளே விழுந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் மேலோடு இருக்கும்படி வெட்டி, உள்பக்கத்திலிருந்து குத்தி மேலோட்டில் முள்ளை நிறுத்தினால் நழுவாது. துண்டைத் தவறவிட்டவர் அடுத்த ஒயினுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது இங்கே விளையாட்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வேண்டும் என்று மாற்றினோம். முக்குகிற ஒவ்வொருவரும் சட்டியின் அடிவரை முள்ளை விட்டுச் சுழற்றி எடுப்பது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. மேசையில் யாரும் தனியாகக் கிளற மாட்டார்கள், சாப்பிடுகிறவர்களின் கைதான் கரண்டி.

ஃபாண்டூவோடு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் உருண்டையாகிவிடும், வெள்ளை ஒயினோ சூடான தேநீரோதான் குடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். ஒயினையும் தேநீரையும் சூரிச் ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே 20 பேருக்குக் கொடுத்துச் சோதித்து, 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒயின் குடித்தவர்களுக்குத்தான் வயிறு காலியாக அதிக நேரம் பிடித்தது. இதை அலுவலகத்தில் சொன்னேன். ஒருவரும் ரசிக்கவில்லை. மரபு என்று வந்துவிட்டால் எல்லா ஊரிலும் இப்படித்தான். இத்தனைக்கும் ஃபாண்டூ ‘தேசிய உணவு’ ஆனதில் மரபுக்கு இருக்கும் பங்குக்குச் சமமாக விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. சீஸை ஒயினில் உருக்கும் குறிப்பு 1699லேயே சூரிச்சில் இருக்கிறது. ஆனால் நாடு முழுக்க இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, 1914 முதல் 1999 வரை சீஸ் விலையையும் விற்பனையையும் கையில் வைத்திருந்த சீஸ் யூனியன். மிஞ்சிய சீஸை விற்றாக வேண்டுமே.

அன்றைய ஒரே குறை ரெஷோ. எரிபொருள் பசைக் கிண்ணத்தின் மூடியை முழுதாகத் திறந்துவிட்டேன். பேசிக்கொண்டே சாப்பிட்டதில் அடியில் கரிந்து, கடைசிக் கால்வாசி கசந்தது. மேலே ஒன்றிரண்டு குமிழி சோம்பலாக வெடித்தால் போதும், அதற்கு மேல் தீ வேண்டாம். தீ எரியும்போது பசையோ ஸ்பிரிட்டோ நிரப்பவே கூடாது. அணைத்து, ஆறவிட்டு, அப்புறம்தான்.

மூன்றாம் முறை மகளுக்காக. ஆல்கஹால் இல்லாமல் என்ன வழி என்று பாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அவர் ஊரில் ஒயினே சேராத ஃபாண்டூ ஒன்று காலங்காலமாக இருக்கிறதாம். வாஷ்ரான் மட்டும், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். முதல் முறை என்னைக் கவிழ்த்த அதே தண்ணீர்! சூட்சுமம் சூட்டில் இருக்கிறது. வாஷ்ரான் ஈரப்பதம் கூடிய, இளகிய சீஸ். 50 டிகிரியைத் தாண்டவிடாமல் உருக்கினால் அதன் வலை சுருங்கிப் பிழியும் நிலைக்கே போவதில்லை. புளிப்பும் தேவையில்லை, மாவும் தேவையில்லை. 400 கிராம் வாஷ்ரானைப் பொடியாக வெட்டி, 1 டெசிலிட்டர் தண்ணீரோடு அடுப்பை ஒன்றாம் எண்ணில் வைத்து, வெப்பமானியைப் பார்த்தபடியே நசுக்கி நசுக்கிக் கிளறினேன். 48 வரை போனது. கால் மணி நேரம் பிடித்தது. விரலை விட்டால் சுடாது, வெதுவெதுப்புதான். ரொட்டியோடும் தோலோடு அவித்த உருளைக்கிழங்கோடும் சாப்பிட்டோம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். பால் மணம் அப்படியே இருந்தது.

சைவம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரூயேரை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். பெயர்க் காப்பு விதிப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் சில நண்பர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸில் இந்தச் சிக்கல் இல்லை.

நான்காம் முறை அண்ணாவைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டோம். மறுபடி பாதிக்குப் பாதி. அவர் சமையலறைப் பக்கமே வராமல், சோபாவில் உட்கார்ந்து வாசனையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். சட்டியில் ஒரு மெல்லிய படலம் அளவுக்கு மிச்சம் இருந்தபோது, “காணும், இனி ஒருத்தரும் தொடாதேங்கோ” என்று ரெஷோவை இரண்டு நிமிடம் அப்படியே எரியவிட்டு அணைத்தார். அடியில் பொன்னிறமாக, மொறுமொறுப்பாக ஒரு அப்பளம் உருவாகியிருந்தது. கத்தி முனையால் ஓரத்தை நெம்பினார், வட்டமாகப் பெயர்ந்து வந்தது. பிரெஞ்சு பேசுகிறவர்கள் இதை ‘ரலிஜியூஸ்’, கன்னியாஸ்திரி என்கிறார்கள். ஜெர்மன் பக்கத்தில் பாட்டி என்பார்களாம். நான் கரியாக்கியதும் இதைத்தான், தீயில்தான் வித்தியாசம்.

அப்போது வீடியோவில் அம்மா இருந்தார். என்னடா அது என்று கேட்டார். காட்டினேன். “காந்தல்” என்றார். பால் காய்ச்சிய சட்டியைச் சுரண்டித் தின்ன நானும் அக்காவும் சண்டை போட்டதை மகளிடம் சொல்லத் தொடங்கினார். மகள் கேட்கவில்லை. அவள் பங்கை வாயில் போட்டுக்கொண்டு, அண்ணாவின் பையனுடைய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டி இப்போது குளிர்ந்த தண்ணீரில் ஊறுகிறது. வெந்நீர் வேண்டாம். ஒட்டிய சீஸ் மறுபடி இளகிக் கழுவும் பஞ்சுக்குள் இழை இழையாக ஏறிக்கொள்ளும். இதற்குள் மூன்று பஞ்சு போயாகிவிட்டது.